ஒரு நேரத்தில் ஒரு மூலிகை: இன்சுலின் எதிர்ப்புக்கு மூலிகை எடுக்கத் தொடங்குவோருக்கு

ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 106 என்று வந்திருக்கும். டாக்டர் "இன்னும் சுகர் வரல, ஆனா வாசல்ல நிக்குது" என்று சொல்லியிருப்பார். கழுத்தின் பின்புறம் கொஞ்ச நாளாகவே கறுத்துத் தடித்துக்கொண்டு வந்திருக்கும், அழுக்கு என்று தேய்த்துப் பார்த்தும் போயிருக்காது, அதுவும் இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம்தான். அன்று சாயங்காலத்துக்குள் நான்கு பேர் நான்கு மூலிகை சொல்லிவிடுவார்கள். நாமும் நான்கையும் வாங்கி, ஒன்றாக அரைத்து, மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிடுவோம்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வெந்தயம், பட்டை, சிறுகுறிஞ்சான், நாவல்கொட்டை நான்கையும் கலந்த பொடி. பத்தாம் நாள் வயிறு கலங்கியது. எது கலக்கியது என்று தெரியாததால் நான்கையும் சேர்த்தே நிறுத்தினேன். அவற்றில் ஒன்று எனக்கு நன்றாகவே ஒத்துவந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் வழியையே நான் அடைத்துவிட்டிருந்தேன். அந்த வழியைத் திறந்து வைத்துக்கொள்வது எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எதைச் சரி செய்யப் பார்க்கிறோம்?

சாப்பிட்டதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கணையம் இன்சுலினை அனுப்புகிறது. தசையும் கல்லீரலும் கொழுப்புத் திசுவும் அந்தக் குரலைக் கேட்டு நடக்க வேண்டும்: தசை சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்ளும், கல்லீரல் தான் சர்க்கரை செய்து வெளியே விடுவதைக் குறைத்துக்கொள்ளும். இன்சுலின் எதிர்ப்பு என்பது இந்தத் திசுக்களின் காது மந்தமாகிப்போவது. ஒரு குரலுக்குக் கேட்காததால் கணையம் இரண்டு மூன்று மடங்கு சத்தம் போடுகிறது, அதாவது அவ்வளவு இன்சுலினைச் சுரக்கிறது. பல வருடங்கள் இப்படியே ஓடும். அத்தனை வருடமும் சர்க்கரை அளவு சரியாகத்தான் இருக்கும், பின்னால் இன்சுலின் மட்டும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். கணையம் களைத்துப்போகிற அன்றுதான் சர்க்கரை ஏற ஆரம்பிக்கும்.

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 'சர்க்கரையைக் குறைக்கும்' மூலிகைகள் எல்லாம் 'இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்கும்' மூலிகைகள் ஆகிவிடாது. சில மூலிகைகள் குடலில் சர்க்கரை உறிஞ்சப்படுவதை மெதுவாக்கும். சில, கணையத்தைத் தட்டி இன்னும் கொஞ்சம் இன்சுலின் வாங்கும். ஏற்கெனவே கத்திக்கொண்டிருக்கும் கணையத்தை மேலும் கத்த வைப்பது நமக்கு வேண்டிய உதவி இல்லை. திசுக்களின் காதைத் திறப்பவை கொஞ்சம்தான். எந்த மூலிகையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் "இது எந்த இடத்தில் வேலை செய்கிறது?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: தொடங்கும் முன் எண்களை எழுதி வையுங்கள்

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். போனில் எழுதினாலும் சரிதான், ஆனால் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

முதல் பக்கத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, அதே இரத்தத்தில் எடுத்த வெறும் வயிற்று இன்சுலின், மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி. சர்க்கரை 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தாலும், எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தாலும் அதை முன்நீரிழிவு என்பார்கள். இன்சுலின் டெஸ்ட்டைப் பலர் எடுப்பதே இல்லை. அது இருந்தால் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 1985-இல் வந்த ஹோமா என்னும் கணக்கு: வெறும் வயிற்றுச் சர்க்கரையை (டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்) இன்சுலினால் (மில்லிலிட்டருக்கு எத்தனை மைக்ரோயூனிட்) பெருக்கி, 405-ஆல் வகுக்க வேண்டும். சர்க்கரை 104, இன்சுலின் 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 1664, வகுத்தால் 4.1. லேபுக்கு லேப் எல்லைக்கோடு மாறும் என்றாலும், பொதுவாக 2.5-க்கு மேலே போனால் எதிர்ப்பு இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். சர்க்கரை 104 என்பதை மட்டும் பார்த்தால் 'கொஞ்சம்தானே' என்று தோன்றும். 4.1-ஐப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதை லேபில் சொல்லிவிடுங்கள். சில வகை இன்சுலின் பரிசோதனைகளை அது தவறாகக் காட்ட வைக்கும், அதனால் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். இந்த இரண்டையும் கவனிக்காமல் பயந்தவர்கள் நிறைய.

கூடவே கல்லீரல் பரிசோதனையும், சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியாட்டினினும் எடுத்துவிடுங்கள். ஏன் என்பது பின்னால் புரியும். கடைசியாக இடுப்பு. அளவு நாடாவைத் தொப்புள் மட்டத்தில் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டு அளக்க வேண்டும், வயிற்றை எக்கக் கூடாது. தெற்காசிய உடல்வாகுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டரும் பெண்களில் 80-ம் எல்லை என்று வைத்திருக்கிறார்கள். எடை இயந்திரத்தைவிட இந்த நாடா உண்மையைச் சீக்கிரம் சொல்லும் என்பது என் அனுபவம்.

படி 2: நீங்கள் தனியாகத் தொடங்கக் கூடாதவரா என்று பாருங்கள்

கர்ப்பிணிகள், குழந்தைக்குத் தயாராகிக்கொண்டிருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், சிறுவர்கள், கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர்கள், இரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை இருப்பவர்கள் ஆகியோர் டாக்டரிடம் கேட்காமல் இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் தொட வேண்டாம்.

இன்னொரு கூட்டமும் உண்டு. இன்சுலின் ஊசி போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரியான மாத்திரை எடுப்பவர்களும். இவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் இந்த மருந்துகள் சர்க்கரையைத் தாமாகவே கீழே இழுப்பவை. அதன்மேல் மூலிகையும் சேர்ந்து இழுத்தால் தாழ்சர்க்கரை வந்துவிடும்.

என் அத்தை கிளிமிபிரைடு எடுப்பவர். ஒருநாள் காலை பதினொரு மணிக்குப் போனபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தம்ளரைப் பிடித்திருந்த கை நடுங்கியது.

"அத்தை, மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்டா. பாகற்காய்ச் சாறும் குடிச்சேன். நாலு நாளாக் குடிக்கிறேன். பசிக்கல, அதான் இன்னும் சாப்பிடல."

விரலில் குத்திப் பார்த்தால் 54. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, பதினைந்து நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மறுபடி குத்தியபோது 83. அப்புறம்தான் சாப்பிட வைத்தேன். மாத்திரை தன் வேலையைச் செய்திருந்தது, சாப்பாடு தள்ளிப்போயிருந்தது, அந்த நேரம் பார்த்துச் சாறும் சேர்ந்துகொண்டது. அந்த மூன்றில் சாறு ஒன்றைத்தான் அவர் டாக்டரிடம் சொல்லாமல் விட்டிருந்தார். "அது மருந்தா என்ன, காய்தானே" என்றார்.

70-க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. 15 கிராம் அளவுக்குச் சட்டென்று கரையும் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். மேலே சொன்ன மாத்திரைகள் வீட்டில் யாருக்காவது இருந்தால் இதை வீட்டிலுள்ள எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த அபாயம் குறைவுதான், இருந்தாலும் டாக்டருக்குத் தெரிந்திருக்கட்டும்.

படி 3: ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது வெந்தயம். காரணம் எளிமையானது: அது எப்படி வேலை செய்கிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை இரவில் ஊற வையுங்கள். காலையில் விதை இரண்டு மடங்கு உப்பியிருக்கும். கரண்டியால் தூக்கினால் தண்ணீர் சொட்டாமல் வழுவழுவென்று நூல் மாதிரி இழுபடும். அந்த வழுவழுப்பு காலக்டோமன்னன் என்னும் கரையும் நார்ச்சத்து. குடலிலும் அது இதே கூழாகத்தான் ஆகும். சாப்பாட்டில் உள்ள சர்க்கரை அந்தக் கூழைக் கடந்துதான் இரத்தத்துக்குப் போக வேண்டும், அதனால் ஒரே பாய்ச்சலில் ஏறாமல் மெதுவாக ஏறும். ஏற்றம் தணிந்தால் கணையம் கத்த வேண்டிய தேவையும் தணியும். இது போக, 4-ஹைட்ராக்சி ஐசோலூசின் என்னும் ஓர் அமினோ அமிலமும் அதில் இருக்கிறது, அதற்கும் இன்சுலினோடு தொடர்பு உண்டு. ஆனால் பெரும்பங்கு அந்தக் கூழுக்குத்தான்.

இதிலிருந்தே இன்னொன்று புரியும். ஊறிய தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைத் தூக்கிப்போட்டால் நாரில் பெரும்பகுதி விதையோடு போய்விடுகிறது. விதையை மென்று தின்ன வேண்டும். முடியாதவர்கள் பொடியாக எடுக்கலாம், ஆனால் வறண்ட பொடியை அப்படியே வாயில் போடாதீர்கள். தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும். ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிடுங்கள்.

அளவு: முதல் வாரம் நாளுக்கு அரைத் தேக்கரண்டி, பெரிய சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். வயிறு ஒத்துக்கொண்டால் இரண்டாம் வாரம் ஒரு தேக்கரண்டி. மூன்றாம் வாரத்திலிருந்து ஒன்று காலை, ஒன்று இரவு. அப்போது நாளுக்கு 8 முதல் 10 கிராம் ஆகும். ஆய்வுகளில் 5 கிராமிலிருந்து அதற்கு மேலே வெகு தூரம் வரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் செய்பவருக்கு 10 கிராமுக்கு மேல் தேவையில்லை என்பது என் கருத்து. வாயு, வயிறு இளகுவது இரண்டும் முதல் பத்து நாளில் வரும், பெரும்பாலும் தானாக அடங்கும். வியர்வையிலும் சிறுநீரிலும் ஒரு தித்திப்பான வாசனை வரலாம். அது வெந்தயத்தின் வாசனைதான், பயப்பட வேண்டாம். நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போக வாய்ப்பு உண்டு, ஒரே குடும்பத்துச் செடிகள். நார் மற்ற மாத்திரைகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள், தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம்.

வெந்தயம் வேண்டாம் என்றால் மற்றவை எப்படி?

இலவங்கப்பட்டை. 2003-இல் நீரிழிவு உள்ள 60 பேருக்கு 40 நாள் கொடுத்த ஓர் ஆய்வுக்குப் பிறகு இது உலகம் முழுக்கப் பரவியது. பின்னால் வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் குறைந்தது, சிலவற்றில் அசையவே இல்லை. எடுக்க விரும்பினால் எந்தப் பட்டை என்பதுதான் முக்கியம். ஒரு துண்டைக் கையில் எடுத்து ஓரத்தைப் பாருங்கள். ஒரே தடித்த பட்டையாகச் சுருண்டு, கருஞ்சிவப்பாக, உடைக்கக் கடினமாக இருந்தால் அது காசியா. காகிதம் மாதிரி மெல்லிய அடுக்குகள் பல ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு, வெளிர் பழுப்பாக, விரலால் நசுக்கினாலே நொறுங்கினால் அது மெய்ப்பட்டை, சிலோன் பட்டை என்பது அதுதான். காசியாவில் கூமரின் என்னும் பொருள் அதிகம். நாள்பட அதிகமாகச் சேர்ந்தால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். 60 கிலோ எடையுள்ளவர் தினமும் எடுப்பதாக இருந்தால் காசியாப் பொடி 2 கிராமைத் தாண்டக் கூடாது என்று ஜெர்மனியின் அரசு இடர் மதிப்பீட்டு நிறுவனம் சொல்கிறது. மெய்ப்பட்டையில் கூமரின் மிகக் குறைவு. பொடியாக வாங்கினால் எது என்று பார்த்துச் சொல்லவே முடியாது, அதனால் துண்டாக வாங்கி நீங்களே பொடியுங்கள்.

சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்ற பேர் எப்படி வந்தது என்று ஒருமுறை நீங்களே பார்த்துவிடுங்கள். பாதி இலையை நன்றாக மென்று, நாக்கு முழுக்கப் படவிட்டுத் துப்பிவிட்டு, கொஞ்சம் சர்க்கரையை நாக்கில் போடுங்கள். மணலைப் போட்ட மாதிரி இருக்கும். நறநறவென்று கரையும், இனிப்பு மட்டும் இருக்காது. ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணரும் இடங்களை மறைத்துவிடுகின்றன. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் சுவை திரும்பிவிடும். இனிப்பைக் கண்டால் கை தானாகப் போகிறவர்களுக்கு இது உண்மையான உதவி. ஆனால் உள்ளே போனால் இது கணையத்திலிருந்து இன்சுலின் வரத்தைக் கூட்டுவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள்: இன்சுலின் ஏற்கெனவே 20, 25 என்று இருக்கும் ஒருவருக்கு அது முதல் தேர்வாக இருக்கக் கூடாது. எனக்கு இந்தச் செடி மிகவும் பிடிக்கும். இருந்தாலும் அதை நாக்கோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பெர்பெரின். மரமஞ்சள் போன்ற செடிகளில் இருக்கும், மஞ்சள் நிறம் தரும் பொருள். காதைத் திறக்கும் வகைக்கு மிக அருகில் வருவது இதுதான். செல்லுக்குள் ஆம்ப்க் என்னும் ஓர் ஆற்றல் உணரியைத் தட்டிவிடுகிறது. 2008-இல் வெளிவந்த ஒரு சின்ன ஆய்வில், புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 36 பேரில் ஒரு பாதிக்கு மெட்ஃபார்மினும் மறுபாதிக்கு பெர்பெரினும் கொடுத்தார்கள். இரண்டும் 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். சர்க்கரை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இறங்கியது. இதைப் படித்ததும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். இவ்வளவு வேலை செய்யும் பொருள் மற்ற மருந்துகளின் வேலையிலும் கை வைக்கும். கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் சிலவற்றை இது தடுக்கிறது, அதனால் நீங்கள் எடுக்கும் இதய மாத்திரையோ கொழுப்பு மாத்திரையோ உடலில் கூடுதலாகத் தங்கிவிடலாம். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் அறவே கூடாது, பச்சிளங்குழந்தைக்கு மஞ்சள் காமாலையைத் தீவிரமாக்கி மூளையைப் பாதிக்கும் அபாயம் உண்டு. இதை டாக்டரின் கண்ணுக்குக் கீழே மட்டும் எடுங்கள்.

மெட்ஃபார்மின் என்றதும் 'இங்கிலீஷ் மருந்து' என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அதன் வேர் கலீகா என்னும் ஐரோப்பியச் செடியில் இருக்கிறது. அந்தச் செடியில் உள்ள கலீகின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நச்சாகவும் இருந்தது. அதே குடும்பத்து வேதிப்பொருள்களை ஆராய்ந்துகொண்டே போனதில் 1922-இல் மெட்ஃபார்மினைச் செய்தார்கள். 1957-இல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்காவில் அனுமதி கிடைக்க 1994 ஆனது. ஒரு மூலிகையின் நஞ்சைக் கழித்து, அளவைக் கண்டு, பல பத்தாண்டு சோதித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அந்த மாத்திரைதான் பதில். டாக்டர் அதை எழுதிக்கொடுத்திருந்தால், மூலிகை தொடங்கிவிட்டோம் என்று அதை நிறுத்தாதீர்கள்.

மஞ்சள் பற்றிச் சுருக்கமாக. தாய்லாந்தில் முன்நீரிழிவு உள்ள 240 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2012-இல் வந்தது. மஞ்சளில் உள்ள கர்க்குமின் என்னும் பொருளை நாளுக்கு 1.5 கிராம் எடுத்தவர்களில் ஒன்பது மாதத்தில் யாருக்கும் நீரிழிவு வரவில்லை, எடுக்காத பிரிவில் 16.4 சதவீதத்தினருக்கு வந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் அது ஒரே ஓர் ஆய்வு. மஞ்சள்தூளில் கர்க்குமின் 3 சதவீத அளவில்தான் இருக்கும், அதனால் 1.5 கிராமுக்கு 50 கிராம் தூள் வேண்டும். சமையலில் போடும் சிட்டிகையை இதோடு ஒப்பிட முடியாது. மிளகுச் சத்து சேர்த்து உறிஞ்சலைக் கூட்டிய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பித்தப்பைக் கல் உள்ளவர்களும் விலகியிருக்க வேண்டும். பாகற்காயை, அத்தை கதைக்குப் பிறகும், காயாகச் சாப்பிடுவதில் எனக்குத் தயக்கமில்லை. செறிவான சாறாக, வெறும் வயிற்றில், மாத்திரையோடு வேண்டாம். ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் பரம்பரைக் கோளாறு) உள்ளவர்கள் அதன் விதையைத் தவிர்க்க வேண்டும். ஆவாரம்பூ, நாவல்கொட்டை இரண்டுக்கும் மனிதர்களில் நடந்த ஆய்வுகள் இன்னும் சொற்பம். மூன்று மாதத்தைச் செலவழிக்க மேலே உள்ளவற்றையே நான் முதலில் எடுப்பேன்.

படி 4: வாங்கும்போது

தனி மூலிகையாக வாங்குங்கள். 'பதினெட்டு மூலிகைக் கலவை' என்று எழுதியிருப்பதில் எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. செடியின் தாவரப் பெயர், எந்தப் பாகம், எத்தனை மில்லிகிராம், தயாரித்த தேதி இவை உறையில் இருக்க வேண்டும். 'ஒரே வாரத்தில் சுகர் நார்மல்' என்று ஒன்று உண்மையிலேயே செய்துகாட்டினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட மூலிகைப் பொடிகளுக்குள் கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் போன்ற மாத்திரைகளை இரகசியமாகக் கலந்திருந்ததைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் கண்டுபிடித்திருக்கின்றன. மூலிகை எதுவும் ஒரு வாரத்தில் அப்படி இறக்காது. ஈயம், பாதரசம் இருந்ததும் உண்டு, அதனால் கன உலோகச் சோதனை செய்ததாகச் சான்று தரும் பொருளாகப் பாருங்கள்.

படி 5: பன்னிரண்டு வாரம், வேறெதையும் மாற்றாமல்

சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். எச்பிஏ1சி அதன்மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் அளக்கிறது. அதனால்தான் பன்னிரண்டு வாரம். அதற்கு முன் டெஸ்ட் எடுத்தால் பழைய கதையும் புதுக் கதையும் கலந்து வரும்.

இந்த வாரங்களில் நோட்டில் எழுத வேண்டியது அதிகமில்லை. எடுத்த அளவு, விட்டுப்போன நாள், வயிறு எப்படி, தூக்கம் எத்தனை மணி நேரம், நடந்தீர்களா. வாரம் ஒருமுறை இடுப்பு. குளுக்கோமீட்டர் இருந்தால் வாரம் இரண்டு நாள் வெறும் வயிற்றில், ஒரு நாள் சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து. தினமும் குத்திக்கொண்டிருக்க வேண்டாம். அந்தக் கருவிக்கு 15 சதவீதம் வரை மேலும் கீழும் காட்ட அனுமதி உண்டு. நேற்று 108, இன்று 101 என்றால் மூலிகை வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை, ஒரே துளி இரத்தத்தை இரண்டு முறை வைத்தாலும் அந்த வித்தியாசம் வரும்.

நடை என்று எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. எடையில் 7 சதவீதம் குறைத்து, வாரம் 150 நிமிடம் நடப்பது போன்ற உடற்பயிற்சி செய்வதை இலக்காகக் கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். இந்த அளவுக்கு நிரூபணம் உள்ள மூலிகை ஒன்றும் எனக்குத் தெரிந்து இல்லை. சர்க்கரையை அதிகம் விழுங்குவது தசைதான், அது இயங்கும்போது இன்சுலினின் குரலுக்குக் காத்திராமலே சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்கிறது. சாப்பிட்டபின் பத்து பதினைந்து நிமிடம் நடந்துவிட்டுக் குளுக்கோமீட்டரைப் பாருங்கள், நடக்காத நாளோடு ஒப்பிட்டால் தெரியும். அதனால் நடையையும் மூலிகையையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முடிந்தால் முதலில் ஒரு மாதம் நடையும் தூக்கமும் பழகட்டும், எண்களை எடுங்கள், பிறகு மூலிகை. அப்போதுதான் எது எதைச் செய்தது என்று தெரியும்.

நடுவில் உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள் சில உண்டு: கண்ணோ தோலோ மஞ்சளாவது, சிறுநீர் கருத்த தேநீர் நிறத்தில் போவது, வலது விலாவுக்குக் கீழ் வலி, உடலெங்கும் அரிப்பு, நடுக்கமும் வியர்வையும். மஞ்சள், கருத்த சிறுநீர் வந்தால் அன்றே டாக்டர். தொடக்கத்தில் கல்லீரல் பரிசோதனை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். முன்னால் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இப்போது என்ன ஆனது என்று அவரால் சொல்ல முடியும்.

படி 6: எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் அதே லேபில், அதே நேரத்தில், அதே அளவு பட்டினியோடு எடுங்கள். எச்பிஏ1சி 0.1, 0.2 மாறியிருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 5.9 இருந்தது 5.5 ஆகி, இடுப்பும் மூன்று நான்கு சென்டிமீட்டர் இறங்கி, இன்சுலின் 16-இலிருந்து 10-க்கு வந்திருந்தால் ஏதோ நடந்திருக்கிறது. இன்சுலின் ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் கொண்டாட அவசரப்படாதீர்கள், அது நாளுக்கு நாள் நிறையவே ஆடும். கழுத்துக் கருமை குறைய இன்னும் பல மாதம் ஆகும், அதை வைத்து இப்போது முடிவெடுக்க வேண்டாம்.

ஒன்றுமே மாறவில்லையா? நிறுத்திவிடுங்கள். மனசு கேட்காது, 'இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்' என்று தோன்றும். எனக்குப் பட்டை அப்படித்தான் ஆனது. பதினான்கு வாரம், 5.8-இல் ஆரம்பித்து 5.8-இல் நின்றது. வாசனை பிடிக்கும் என்பதால் விட மனசில்லாமல் இருந்தேன், நோட்டைப் பார்த்து விட்டேன். இரண்டு வாரம் எதுவும் எடுக்காமல் இருந்துவிட்டு வெந்தயத்தைத் தொடங்கினேன்.

எண்கள் நல்லபடியாக இறங்கியிருந்தாலும், மாத்திரை எடுப்பவர்கள் அளவைத் தாங்களாகக் குறைக்காமல் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். மூலிகை உறையையும் கையோடு கொண்டுபோங்கள். 'ஏதோ ஒரு பொடி' என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. உறையைத் திருப்பிப் பார்த்து, தாவரப் பெயரைப் படித்து, உங்கள் மாத்திரைப் பட்டியலோடு ஒத்துப்பார்க்க அவருக்கு இரண்டு நிமிடம் போதும். அத்தை இப்போது போகும்போதெல்லாம் பையில் ஒரு பாகற்காயையும் போட்டுக்கொண்டு போகிறார். "இதையும் எழுதிக்கங்க டாக்டர்" என்று மேசைமேல் வைக்கிறார், அவரும் எழுதிக்கொள்கிறார்.